மட்டக்களப்பு என்று ஒரு நாடு

இப்போதெல்லாம் நாங்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முழங்காலில் போய்த்தான் நிற்கிறது. யாருக்கு எந்தக் கால், எந்த டொக்டர், எந்த எண்ணெய். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் என்னோடு படித்த ஒருத்தி கதிரையை விட்டு எழும்பச் சிரமப்பட்டாள். நானும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டோம். அவள் எழும்பி நின்றதும் மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்கு மாமியின் நினைவு வந்துவிட்டது. காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, கால் தரையில் பதிந்ததும் மாமி அப்படித்தான் கைகளை உயர்த்துவார்.

மாமி, அப்பாவின் ஒரே தங்கை. எண்பத்து மூன்றில் அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நாங்கள் நால்வரும் மட்டக்களப்பிலிருந்து வெளிக்கிட்டு ரொறன்ரோவுக்கு வந்தோம். இரண்டு வருடம் கழித்து ஒரு இலையுதிர்காலத்தில் மாமி வந்து சேர்ந்தார். அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எனக்குப் பத்து.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், வோபர்னில் ஒன்பதாம் மாடியில் இருந்தது எங்கள் வீடு. அந்தக் கட்டடங்களில் வளர்ந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. விரல் புதையும் செம்மஞ்சள் கார்ப்பெட் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அதற்குள் விழுந்த மாபிளும் ஊசியும் திரும்பக் கிடைத்ததே இல்லை. பால் பையில் வரும். பையை ஜக்கில் இறக்கி மூலையைக் கத்தரித்து ஊற்ற வேண்டும். ஓட்டை கொஞ்சம் பெரிதாக வெட்டப்பட்டால் அன்றைக்கு மேசையெல்லாம் பால். பனிச் சப்பாத்துக்குள் இருக்கும் தடித்த கம்பளி உறையை ஹீட்டரின் மேல் காயப் போட்டால் வீடு முழுக்க நனைந்த நாயின் மணம் வரும். அந்தச் சப்பாத்து, அந்த ஜக், அந்தக் கார்ப்பெட் ஒன்றும் இப்போது இல்லை. மணம் மட்டும் எனக்கு இருக்கிறது.

மாமிக்கு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பின்னேர வேலை கிடைத்தது. அவருடைய கோட்டில் கறுவாப்பட்டையும் கருகிய சீனியும் மணக்கும். உடைந்த பிஸ்கட்டுகளைப் பாண் பையில் கட்டிக்கொண்டு வருவார். மற்றப்படி அவர் அதிகம் கதைப்பதில்லை. சோபாவில் இருந்தபடி அடிக்கடி அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். பிறகு பெருமூச்சு விடுவார்.

பெரியவர்கள் இதற்கு ஒவ்வொரு காரணம் வைத்திருந்தார்கள். ஊரை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று அப்பா சொன்னார். சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்து அம்மா கோழி, இறால், பிட்டு என்று மாற்றி மாற்றிச் சமைத்தார். ஐந்தாம் மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அன்ரி, கலியாணம் ஒன்று சரிவந்தால் எல்லாம் மாறிவிடும் என்றார். அன்ரிதான் எங்கள் கட்டடத்தின் கலியாணப் பேச்சுக்களையெல்லாம் கவனித்துக்கொண்டவர். தொலைபேசியின் சுருள் கம்பியை இழுத்துக்கொண்டே சமையலறை முழுக்க நடந்து நடந்து மிசிசாகாவில் ஒரு மாப்பிள்ளை, மொன்றியலில் ஒரு மாப்பிள்ளை என்று தேடிக்கொண்டிருப்பார்.

கூரையில் மாமி என்னத்தைத் தேடினார் என்று வெகுநாள் கழித்து நான் கேட்டிருக்கிறேன். "கையில நிண்டா கால் முட்டுமோ எண்டு பாத்த நான்" என்றார். "முட்டும் எண்டு தெரிஞ்ச. அதுதான் கவலை."

அந்த விசயம் வெளியே வந்தது ஒரு சனிக்கிழமை. கடைக்குப் போய்விட்டுக் கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். முதல் நாள் பெய்த மழை நிலத்தில் அப்படியே உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. அப்பா முன்னால், அம்மாவும் தம்பியும் கையைப் பிடித்தபடி நடுவில், நான் பின்னால். மாமி ஒரு கையில் பால் பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். வாசலில் அன்ரி நின்றார்.

மாமியின் கால் சறுக்கியது. நான் கத்துவதற்குள் அவர் பக்கவாட்டில் சரிந்து, வெறும் கையை ஐஸில் ஊன்றினார். கால்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஆகாயத்துக்குப் போயின. கோட் குடைபோல விரிந்தது. மறு கணம் அந்தப் பக்கம் இரண்டு காலிலும் நிமிர்ந்து நின்றார். பால் பை கையிலேயே இருந்தது. பழக்க தோசத்தில் இரண்டு கைகளும், பால் பையோடு சேர்த்து, மேலே உயர்ந்தன.

பிறகு அன்ரி, "பிள்ளை, இப்ப நீ விழுந்தனியோ, எழும்பினனியோ?" என்று கேட்டார்.

அப்பா அவசரமாக, "சறுக்கின, அன்ரி. ஐஸ்தானே" என்றார்.

"நானும் இந்த வருசம் ரெண்டு தரம் சறுக்கினனான். எனக்குக் கால் மேல போகேல்லையே."

வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டியபிறகுதான் அப்பா, "இஞ்ச வந்துமா புள்ள?" என்றார்.

"நான் செய்யல்ல அண்ணன். அது தானா வந்த" என்றார் மாமி. சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் வந்த நாளிலிருந்து பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தம்பியும் நானும் அம்மாவைச் சமையலறையில் வைத்து மடக்கினோம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார். மாமி ஊரில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். எங்கள் நாட்டிலிருந்து வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்குப் போன முதல் பெண் என்று சொன்னார்களாம். பத்திரிகையில் படமும் வந்தது. மாமி தலைகீழாக நிற்கும் படம். படம் தவறி அச்சாகிவிட்டது என்று நினைத்து ஊரில் பலர் பேப்பரைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்கள். நேராகப் பார்த்தவர்களோ, "இதென்ன உடுப்பு?" என்று கேட்டார்கள். பேசிவைத்திருந்த ஒரு சம்பந்தம் அதோடு நின்றுபோனது.

"அதுக்குத்தான் அப்பாக்குக் கோபமா?" என்று கேட்டேன்.

"அப்பிடித்தான் நான் நினைச்சிருக்கன்" என்றார் அம்மா. அம்மா நினைத்ததும் சரியில்லை என்று பிறகு தெரிந்தது.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை இருந்தால் எங்களைப் பார்த்துக்கொள்வது மாமிதான். ஐஸில் சறுக்கியதற்கு அடுத்த கிழமை எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றி, தன் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு பண்டகசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளியே பார்த்தால் கார் திருத்தும் இடம் போல இருக்கும். உள்ளே போனால் கூரை கோயில் மண்டபத்தைவிட உயரம். நீல மெத்தைகள், தொங்கும் வளையங்கள், கம்பிகள், எங்கும் வியர்வையும் றப்பரும் சோக்குத் தூளும் கலந்த மணம். மாமி கூரையைத்தான் முதலில் பார்த்தார். இந்த முறை பெருமூச்சு இல்லை.

பயிற்சியாளர் கிழக்கு ஐரோப்பாப் பக்கமிருந்து வந்த பெரிய உடம்புக்காரர். நாங்கள் அவருக்கு மீசைக்காரர் என்று பெயர் வைத்தோம். பிள்ளைகளைச் சேர்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, என்னையும் தம்பியையும் மேலும் கீழும் பார்த்தார். நம்பிக்கை வந்த மாதிரித் தெரியவில்லை.

"இவர்கள் இல்லை. நான்" என்றார் மாமி. அவருடைய கொன்வென்ற் ஆங்கிலம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வரும்.

எங்கே செய்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். மாமி நாட்டின் பெயரைச் சொன்னார்.

மீசைக்காரர் புருவத்தை உயர்த்தினார். "அங்கே ஜிம்னாஸ்டிக்ஸ் இருக்கிறதா?"

"இருந்தது" என்றார் மாமி. "நான் இங்கே வந்துவிட்டேன்."

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்டபத்தின் நடுவில் இருந்த பீமைக் காட்டினார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: பீம் என்றால் நெஞ்சு உயரத்தில் கிடையாக வைத்த ஒரு நீண்ட கட்டை. ஒரு பாதத்தை வைத்தால் பக்கத்தில் மற்றப் பாதத்துக்கு இடமில்லை. அதன்மேல் நடப்பதே பெரிய காரியம். அதில் குதிக்க வேண்டும், தலைகீழாக வேண்டும், பின்னுக்கு வளைந்து கையை ஊன்றிக் காலைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும்.

மாமி கோட்டையும் சப்பாத்தையும் கழற்றினார். சோக்குத் தூளை உள்ளங்கையில் தேய்த்தவர், கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு ஏறினார். முதல் நாள் மூன்று அடி நடந்ததும் விழுந்தார். திரும்ப ஏறினார். நானும் தம்பியும் மூலையில் இருந்து உடைந்த பிஸ்கட் தின்றபடி பார்த்தோம். எங்கள் வீட்டில் சத்தம் இல்லாமல் பாத்திரம் கழுவுகிற மாமி அங்கே விழுந்தெழும்பிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படிப் போனது. மாமி நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகக் கதைத்தார். தன் சமையல்தான் ஆளைத் தேற்றியது என்று அம்மா கொஞ்ச நாள் பெருமைப்பட்டார். பிறகு தம்பி உளறிவிட்டான். அம்மா ஏசவில்லை. மாமியின் சூட்கேஸைத் திறக்கச் சொல்லி, சேலைக்குள் மடித்து வைத்திருந்த அந்தப் பழைய நீல உடுப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இலாஸ்ரிக் எல்லாம் செத்துப் போயிருந்தது. "மச்சாள், இதோட நிண்டா உடுப்பு ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே புது இலாஸ்ரிக் வைத்துத் தைத்தார். அந்த உடுப்பு பின்னர் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. அதைக் கைவிட்டதில் அம்மாவுக்குத்தான் கடைசிவரை மனவருத்தம்.

பனி உருகத் தொடங்கிய காலத்தில் மிசிசாகாவில் ஒரு போட்டி வந்தது. பெரிய போட்டி இல்லை. பல கிளப்புகள் சேர்ந்து நடத்துவது. வயது கூடியவர்களுக்கும் ஒரு பிரிவு இருந்தது. மாமியும் வர வேண்டும் என்று மீசைக்காரர் பிடிவாதமாக நின்றார். அம்மா ஒரு இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் நேராகவே சொன்னார்.

அப்பா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். உடுப்பைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"திரும்பவும் கடைசியா வரவோ?" என்றார்.

மாமி குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

"றேடியோவில வாசிச்சவங்க" என்றார் அப்பா, எங்களைப் பார்த்து. "எல்லார்ர பேரும் வாசிச்சு, ஆகக் கடைசியா இவள்ர பேர். கச்சேரி ஒபிசில எல்லாரும் வேலைய விட்டுட்டுக் கேட்டுக்கொண்டு நிக்காங்க. நான்தான் எல்லாரையும் கூப்பிட்டு வெச்ச நான். மறுகா நான் அங்க வேலை செஞ்ச காலம் முழுக்க எனக்குப் பேர் என்ன தெரியுமா? கடைசியார்ர அண்ணன்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அவன் தொடையில் கிள்ளினார். பிறகு அப்பாவிடம், "சரி. ஆனா ஞாயிற்றுக்கிழமை மிசிசாகாவுக்கு எந்த பஸ்ஸில போற? நீங்கதான் கொண்டு விடணும். உள்ளுக்கு வர வேணாம், கார்லயே இருங்க" என்றார். அப்பாவால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. விமான நிலையத்துப் பொதி வேலைக்காக அவர் தினமும் ஓடுகிற வழிதான் அது.

எப்படியோ விசயம் அறிந்து அன்ரியும் வந்து காரில் ஏறினார். "பாக்காமல் எப்பிடிக் கதைக்கிறது?" என்று கேட்டார். அது நியாயமாகத்தான் பட்டது.

மண்டபத்தில் ஒலிவாங்கியோடு இருந்த பெண் மாமியிடம் வந்து, எந்தக் கிளப் சார்பில் என்று சொல்ல வேண்டும் எனக் கேட்டாள். மீசைக்காரர் குறுக்கிட்டு, "கிளப் எதற்கு? இவர் ஒரு நாட்டுக்காகப் போட்டியிட்டவர். நாட்டின் பெயரைச் சொல்லுங்கள்" என்றார். அந்தப் பெண் மாமியைப் பார்த்தாள்.

அந்த நாட்டின் கொடியை நெஞ்சில் தைத்துக்கொண்டுதான் மாமி முன்பு போட்டிக்குப் போனார். அந்த நாட்டை விட்டுத்தான் ஓடியும் வந்தார். நான் பத்து வயதுப் பிள்ளை என்றாலும், அந்த இடத்தில் மாமி எதையோ விழுங்கினார் என்பது எனக்கு விளங்கியது.

"பட்டிக்கலோவா" என்றார். மட்டக்களப்புக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர்.

"அது ஒரு நாடா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"சின்ன நாடு" என்றார் மாமி.

ஆகவே மாமியின் முறை வந்தபோது ஒலிபெருக்கியில், ஏதோ ஹவாய்ப் பக்கத்துத் தீவைச் சொல்வதுபோல், "பட்டிக்க... லோஹா!" என்று ஒரு அறிவிப்பு வந்தது. நடுவர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். அன்ரி, "உது எந்த ஊர்?" என்று அம்மாவைக் கேட்டார். நான் வாசல் பக்கம் திரும்பினேன். அங்கே அப்பா நின்றார். காரின் ஹீட்டர் அந்த மாதம் முழுக்க வேலை செய்யவில்லை. குளிர் தாங்காமல் உள்ளே வந்தவர், தன் ஊரின் பெயரைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

மாமி பீமில் ஏறினார். நடந்தார், ஒற்றைக் காலில் திரும்பினார், துள்ளினார். ஒவ்வொன்றுக்கும் அன்ரி என் தோளைப் பிடித்து நசித்தார். பிறகு மாமி கைகளை உயர்த்தி, மெதுவாகப் பின்னுக்கு வளைந்தார். கை கட்டையைத் தொட்டது. கால்கள் மேலே போயின. ஒரு கணம் அவர் நேராக, தலைகீழாக, ஆடாமல் நின்றார். அப்பாவின் வாய் திறந்திருந்தது. இறங்கும்போது ஒரு கால் கட்டையைத் தவறவிட்டது. மெத்தையில் விழுந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

மாமி எழும்பி, பீமில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏறு புள்ள!"

அப்பாவின் குரல். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஏறினார். அதே வித்தையைத் திரும்பவும் செய்தார். இந்த முறை இரண்டு காலும் கட்டையிலேயே வந்து நின்றன.

மதிப்பெண் அட்டையில் பத்துக்கு ஐந்தும் சொச்சமும் காட்டினார்கள். மாமி அன்றைக்கும் கடைசிதான். மற்றவர்கள் அதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, அப்பா பனிச் சப்பாத்தோடு நீல மெத்தையைக் கடந்து நடுவர் மேசைக்குப் போய்விட்டார். அம்மா தலையில் கை வைத்தார். நான் அப்பாவின் பின்னால் ஓடினேன்.

"இந்த மதிப்பெண்ணை யார் போட்டது?" என்று அப்பா ஆங்கிலத்தில் கேட்டார்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், விழுந்தால் இவ்வளவு குறைக்க வேண்டும், ஆடினால் இவ்வளவு குறைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

"விழுந்ததுக்குக் குறைத்தீர்கள். ஏறினதுக்கு எங்கே கூட்டினீர்கள்?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி அப்பாவைப் பார்த்தார். "அப்படி ஒரு விதி இல்லையே, ஐயா."

"அப்படியென்றால் விதி பிழை" என்றார் அப்பா. மீசைக்காரர் வந்து, தோளில் கை போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

மாமி அதற்குப் பிறகும் இரண்டு வருடம் போட்டிகளுக்குப் போனார். பிறகு நடுவர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, கடும் நீலக் கோட்டோடு அந்த மேசைகளில் போய் இருந்தார். நாங்கள் ஆடுகிற பிள்ளைகளை விட்டுவிட்டு நடுவரையே பார்த்துக்கொண்டிருப்போம். அன்ரி கொண்டுவந்த மாப்பிள்ளைகளில் ஒருவரையும் மாமி கட்டவில்லை. தொழிற்சாலையில் மெசின் திருத்த வந்த ஒருவரைத் தானாகவே பார்த்துக் கட்டிக்கொண்டார். மாமா குனிந்தால் கை முழங்காலைத் தாண்டாது. கலியாணத்தை முன்னின்று நடத்தியது என்னவோ அன்ரிதான். "எங்கட பிள்ளை ஒரு நாட்டுக்காக விளையாடினது" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். எந்த நாடு என்று சொல்லவில்லை.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்பிய பயணம்தான் தெளிவாக நினைவிருக்கிறது. அப்பா கார்க் கதவைத் திறந்து, அம்மாவைப் பின்னுக்கு இருக்கச் சொன்னார். "நீ முன்னுக்கு ஏறு புள்ள" என்றார் மாமியிடம். பின் சீற்றில் நாங்கள் நாலு பேரும் ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கிக்கொண்டோம். ஹீட்டர் இல்லாததற்கு அது நல்லதாகவும் இருந்தது. வெயில் சாய்ந்து நெடுஞ்சாலை முழுக்க மஞ்சளாகக் கிடந்தது.

"அந்தப் பின்னுக்கு வளையிற, அது எப்பிடி?" என்று அப்பா கேட்டார். மாமி இரண்டு விரலைக் காருக்கு முன்னால் இருந்த பலகையில் நடக்கவிட்டுக் காட்டினார். "பாக்காமலா கால வைக்கிற?" "ஓம் அண்ணன். பாக்க ஏலாது." அப்பா தலையை ஆட்டினார்.

பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "அண்டைக்கு, அங்க என்ன நடந்த?"

மாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். றேடியோவில் பெயர் வாசித்த நாளிலிருந்து, அந்த வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"அங்க போய்த்தான் அண்ணன் நான் முதன்முதலா உண்மையான பீமக் கண்ட" என்றார். "போட்டிக்கு முதல் நாள். ஊரில எங்களுக்கு ஏது பீம்? பள்ளிக்கூட வாங்கு பெஞ்சக் கவிழ்த்துப் போட்டு, அதுர கீழ்ச் சட்டத்திலதான் பழகின நான். இவ்வளவு உயரம்தான் இருக்கும்." கையால் முழங்காலுக்குக் கீழே காட்டினார். "அங்க போனா நெஞ்சளவு உயரம். மத்தப் பிள்ளைகளெல்லாம் சின்ன வயசில இருந்து அதில நிக்கிறவங்க. கூட வந்தவர் என்னட்ட, ஏறாத, காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு விடுவம் எண்டார்."

"மறுகா?"

"நான் ஏறினன்."

அப்பாவின் கை ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்தது எனக்குப் பின்னால் இருந்தே தெரிந்தது. நாங்கள் இறங்க வேண்டிய மார்க்கம் ரோட் பலகை வந்தது, பக்கத்தால் போனது. அம்மாவும் அன்ரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் பல பலகைகள் போயின. வீடுகள் குறைந்து, பனி மிச்சமிருந்த வயல்கள் வந்தன.

கடைசியில் அம்மா முன்னுக்குச் சாய்ந்து, "இஞ்சேருங்க, வீட்டத் தாண்டி அஜக்ஸ் வந்திட்டு" என்றார்.

"வரட்டும்" என்றார் அப்பா. "நீ சொல்லு புள்ள."